வயர் எதுவும் தொங்கக் கூடாது

ஜூன் 18, புதன்

புது வருடத்துக்கு மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. ஆறு மாதம் டிராயரில் கிடந்தது. நம் டாக்டரே போன வாரம் பி.பி. பார்த்துவிட்டு, “மனசுல கிடக்கிறத எங்கயாவது எழுதி வைங்க எமிமா, கொஞ்சம் இறங்கும்” என்றார். இறங்குகிறதா பார்ப்போம்.

வேலை முதலில். இந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்குக்கு ஆள் நான் ஒருத்திதான். மொத்தம் பதினோரு சுவிட்ச். சுவிட்ச் என்றால் லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. வரிசையாகத் துளை வைத்த தகரப் பெட்டி. ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை வாங்கி, சேர வேண்டிய கம்ப்யூட்டரிடம் சேர்க்கும். பதினாறு வருடமாக இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக் களைத்துவிட்டேன். என் வீட்டுக்காரரே “எலெக்ட்ரிக்கல் செக்ஷன்ல இருக்கா” என்றுதான் சர்ச்சில் சொல்கிறார்.

இன்று லேபில் நசீமா பிடித்துக்கொண்டாள். ரத்தம் பார்க்கும் மெஷினை ஆன் செய்தால் நெட்வொர்க் கிடைக்காமல் பிழை காட்டி நின்றுவிடுகிறதாம். காரணம் தெரிந்ததுதான். சுவிட்சுக்குள் ஒரு காவல் உண்டு. ஒரு வயரைச் செருகினால், அது சுற்றிவந்து மறுபடி நம்மிடமே சேருகிறதா என்று அரை நிமிடம் பார்த்துவிட்டுத்தான் வழிவிடும். அந்த அரை நிமிடம் மெஷினுக்குப் பொறுக்கவில்லை. “இந்தத் துளையில் இருப்பது வெறும் மெஷின், காக்க வேண்டாம்” என்று ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகச் சொல்லிவைப்பதுதான் முறை. இருநூற்று அறுபது துளை. யாரால் முடியும்? எல்லாச் சுவிட்சிலும் காவலை மொத்தமாக அணைத்துவிட்டேன். பெட்டிக்கு ஒரே வரிதான். மெஷின் பறக்கிறது. நசீமா டீ வாங்கித் தந்தாள்.

ஒவ்வொரு துளையாக அமைத்துவிட்டு, காவலை மறுபடி போட வேண்டும். நாளை.

ஜூன் 19, வியாழன்

முடியவில்லை. நாளை.

ஜூலை 9, புதன்

ரிசப்ஷன் டி.வி. வேலை செய்யவில்லை என்று இரண்டு மணி நேரம். சுவிட்ச்களை அடுக்கி வைத்திருக்கும் தரைத்தள ரேக்கிலிருந்து நீல வயர் ஒன்றை இழுத்துச் சோதித்தேன். கடைசியில் பார்த்தால் ரிமோட்டில் பேட்டரி இல்லை. எரிச்சலில் வயரின் மறுமுனையை அப்படியே தொங்கவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் கழற்றலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தரச்சான்றுக்குப் பார்வையிட வருகிறவர்கள் சனிக்கிழமை வருகிறார்கள். ஆஸ்பத்திரி முழுக்கக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு ஓடுகிறது. நிர்வாக அதிகாரி ஆவுடையப்பன் சார் வெளியிலிருந்து ஒரு ஆளை முன்னோட்டம் பார்க்க அழைத்திருந்தார். அந்த ஆள் தன் லேப்டாப்பை தரைத்தள ரேக்கில் ஒரு காலித் துளையில் செருகினார். உடனே எங்கள் நெட்வொர்க்குக்குள் வந்துவிட்டார்.

“என்ன மேடம், ரோட்டுல போறவன் வந்து செருகினாக்கூட உள்ள விடும் போலருக்கு? காலியா கிடக்கிற துளையை எல்லாம் முடக்கி வைக்க வேண்டாமா?” என்றார். வேண்டும்தான். பட்டியலில் எழுதிக்கொண்டேன். பட்டியல் இரண்டாவது பக்கத்துக்குப் போய்விட்டது.

ஆவுடையப்பன் சாருக்கு அதெல்லாம் கவலை இல்லை. “வயரு தொங்குது எமிமா. பாக்க அசிங்கமா இருக்குல்லா? எதாவது எழுதி ஒட்டு” என்றார். மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி ரேக் கதவில் ஒட்டினேன்:

வயர் எதுவும் தொங்கக் கூடாது. — எமிமா

ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஹவுஸ்கீப்பிங் இசக்கியம்மாள் துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்றாள். பெரியவர்களுக்கான அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து. எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, முழுவதும் படித்தாள்.

“எதுவும்னா எல்லா வயருமா மேடம்?”

“ஆமா, எல்லாந்தான்” என்றேன். எனக்கு அடுத்த மாடிக்குப் போகிற அவசரம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எனக்கு விடுமுறை. பூஜைக்கு நான் நிற்பதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மறுநாள் பொரிகடலையும் சுண்டலும் மட்டும் மறக்காமல் என் மேசைக்கு வந்துவிடும்.

பதினொன்றே முக்காலுக்கு போன். நசீமா தன் செல்லிலிருந்து கூப்பிட்டாள். எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கவில்லை, ஆஸ்பத்திரி இன்டர்காமும் செத்துவிட்டது. அந்த போன்களும் இதே பெட்டிகள் வழியாகத்தான் ஓடுகின்றன.

எலெக்ட்ரீஷியன் சொக்கலிங்கம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, “தரைத்தள ரூம்ல இருக்கிற சுவிட்ச் அத்தனையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணாச்சி” என்றேன்.

“பண்ணிட்டேன்மா. ஃபேன் நல்லாத்தான் ஓடுது. ட்யூப்லைட்டும் எரியுது.”

ஆண்டவரே. பதினாறு வருடம்.

பெருமாள்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேரப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. ரேக் கதவில் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு சுவிட்சின் நெற்றியிலும் ஒரு பொட்டு. தூசி தட்டிப் பளபளவென்று துடைத்து, சின்ன சாமந்திச் சரம்கூடச் சாத்தியிருந்தார்கள். அந்தச் சரத்துக்குப் பின்னால் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்து மின்னியது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வயர் எங்கோ வளையம் போட்டுவிட்டது. ஒரு பெட்டி சொன்னதே சுற்றிவந்து அதன் காதிலேயே விழ, அதைப் புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி ஊர் முழுக்கச் சொல்லும். நிறுத்த ஆள் இருக்காது. வேறு ஒரு வார்த்தை நகர இடமிருக்காது.

ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் கிடைத்தது. நீல வயர். இரண்டு முனையும் ஒரே சுவிட்சில். ஒரு முனையில் குங்குமம்.

பிடுங்கினேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் அமைதி.

இதற்கிடையில் ஐ.சி.யூ.வில் வேலாயுதம் என்று ஒரு பெரியவருக்கு பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருக்கிறது. இதயமே நின்றுபோகிற அளவு. முடிவு ரத்தம் பார்க்கும் மெஷினின் திரையில் இருந்திருக்கிறது, மேலே போகவில்லை. இன்டர்காம் இல்லை, டாக்டர் செல் எடுக்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் நசீமா துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மூன்று மாடி படியேறி ஓடியிருக்கிறாள். ஐம்பது நிமிடம் தாமதம். பெரியவர் பிழைத்துக்கொண்டார். மகன் கையால் எழுதிய புகார் சாயங்காலமே ஆவுடையப்பன் சார் மேசையில்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி. இருந்தும் போனேன். ரேக் கதவைத் துடைத்தேன். சந்தனம் போய்விட்டது. பசைத் தடம்தான் போகவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

“யாரு செருகினா? எனக்குப் பேரு வேணும்” என்றார் ஆவுடையப்பன் சார்.

கண்டுபிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. இசக்கியம்மாளே வந்து சொல்லிவிட்டாள். “நாந்தான் சார் செருகுனேன். பூசைக்குத் துடைச்சேன். ஒரு வயரு மட்டும் தொங்கிட்டுக் கிடந்துச்சு. பக்கத்துல ஓட்டை காலியா இருந்துச்சு.”

சார் என்னைப் பார்த்தார். “தெரியாம ஒரு வயரைச் செருகினா ஆஸ்பத்திரியே நின்னு போகுமா எமிமா?”

நின்று போகக் கூடாது. காவல் இருந்திருந்தால், செருகிய நொடியே அந்தத் துளை அடைபட்டிருக்கும். காலித் துளைகளை முடக்கியிருந்தால், செருகியும் ஒன்றும் ஆகியிருக்காது.

“சில நேரம் ஆகும் சார்” என்றேன்.

அக்டோபர் 4, சனி

இசக்கியம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை விசாரணை. பதினெட்டு வருடம் இந்தத் தரையைத் துடைத்தவள். நோயாளி உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக எழுதி அனுப்பினால் பாளையங்கோட்டையில் வேறெந்த ஆஸ்பத்திரியும் வாசலில்கூட நிறுத்தாது.

வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“மேடம், அந்தக் கதவுல காயிதம் ஒட்டியிருந்துச்சுல்லா? அதப் பாத்துத்தான செஞ்சேன். சார்ட்ட சொன்னேன். போய்ப் பாத்துட்டு, காயிதமே இல்ல, பொய் சொல்லுதேங்காக. நீங்க சொல்லுங்க மேடம். நீங்கதான எழுதி ஒட்டியிருந்திய.”

“பார்க்கேன் இசக்கியம்மா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காகிதம் எங்கே இருக்கிறது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். துணி துவைத்தேன். ஃப்ரிட்ஜை உள்ளும் புறமும் துடைத்தேன். வீட்டுக்காரர், “என்னட்டி, கிறிஸ்மஸுக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டியா?” என்றார். சிரிக்க முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஜூன் பதினெட்டாம் தேதி காவலை அணைத்தது யார் என்று சுவிட்சில் பதிவு இருக்கிறது, என் பெயரோடு. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்தக் கட்டிடத்தில் நான் ஒருத்திதான்.

பிள்ளை இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். எனக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த வயதில் வேலை போனால் யார் கொடுப்பார்? இதை நான் நியாயம் கற்பிக்க எழுதவில்லை.

நியாயம் கற்பிக்கத்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஆவுடையப்பன் சார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். வேலையைவிட்டு நீக்கினால் தொழிலாளர் பிரச்சினை வரும். அவளாகவே மன்னிப்புக் கடிதம் கொடுத்து விலகிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. புகார் கொடுத்த மகனிடமும் அதைக் காட்டிவிடலாம்.

“தமிழ்ல டைப் அடிக்க நீதான ஆளு. ஒரு பக்கம்தான், அடிச்சுக் குடுத்துரு” என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாத காரணத்தால், அறியாமையினால் மேற்படி தவற்றைச் செய்துவிட்டேன். இதற்கு நானே முழுப் பொறுப்பு. என் சொந்த விருப்பத்தின் பேரில்…”

“கடைசியில இடது கை பெருவிரல் ரேகைன்னு போட்டு ஒரு கட்டம் வை” என்றார்.

வைத்தேன். விரல்கள் தன்னால் அடித்தன. இவ்வளவு அலுப்பாக ஒரு பக்கத்தை நான் அடித்ததே இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

காலை பதினொரு மணி. ஆவுடையப்பன் சார் அறை. அவர், நான், நசீமா, சொக்கலிங்கம் அண்ணாச்சி. இசக்கியம்மாள் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை.

சார் கடிதத்தை நீட்டி, ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்தார். “விரலை இதுல வச்சு, இந்தக் கட்டத்துல வை. அவ்வளவுதான்.”

அவள் விரலை நீட்டவில்லை. காகிதத்தை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். எல்லோரும் காத்திருந்தோம். சார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். “எ… ழு… தப்… ப… டிக்… கத்… தெரி… யா… த…” அங்கே நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து அதே வரியைப் படித்தாள்.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“ஏன்?”

“எனக்குப் படிக்கத் தெரியும் சார். படிச்சதுனாலதான் செஞ்சேன்.”

சத்தமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. பார்த்திருந்தாலாவது நான் கண்ணை வேறு பக்கம் திருப்பியிருப்பேன். “வேலை போனாப் போகுது சார். படிக்கத் தெரியாதுன்னு மட்டும் எழுதாதிய. ஆறு மாசம், வேலை முடிஞ்ச பிறகு நடந்து போயில்லா படிச்சேன்” என்றாள்.

எனக்குள் ஏதோ அற்றுப்போனது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசை, ஆனால் போகவில்லை. கைப்பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். நான்காக மடித்து வைத்திருந்ததை எடுத்துப் பிரித்தேன். நாலு மூலையிலும் காய்ந்த பசை. ஓரத்தில் கொஞ்சம் சந்தனம்.

“காகிதம் இருந்தது சார். நான்தான் ஒட்டினேன். ரெண்டாம் தேதி நான்தான் கிழிச்சு எடுத்தேன்.”

இசக்கியம்மாளிடம் நீட்டினேன். வாங்கி, மேசையில் வைத்து, விரல் வைத்துப் படித்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி.

“வ… யர்… எது… வும்… தொங்… கக்… கூ… டா… து.” அப்புறம் கீழே விரலை நகர்த்தினாள். “எ… மி… மா.”

அதற்குப் பிறகு மற்றதையும் சொன்னேன். காவலை அணைத்தது, நாளை நாளை என்று விட்டது, காலித் துளைகள், நான் தொங்கவிட்ட நீல வயர். பாதி சாருக்குப் புரியவில்லை. நசீமாவுக்குப் புரிந்தது. “அதை அணைக்கச் சொன்னதே நாந்தான சார். மெஷின் ஓடலைன்னு நாந்தான கத்தினேன்” என்றாள். இல்லை நசீமா. நீ மெஷின் ஓட வேண்டும் என்றாய். எப்படி ஓட வைப்பது என்பது என் வேலை.

சார் அந்த மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

மெமோ வந்தது. மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்து எழுத்தில் தர வேண்டும். அதுவரை என் வேலை ஊசலில்தான். வேலாயுதத்தின் மகனிடம் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். அனுப்பினார்கள். அவர் கதவைத் திறந்து, நின்றபடியே கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். வேறென்ன எதிர்பார்த்தேன்?

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். எல்லா இடத்திலும் இசக்கியம்மாளை ‘அவள்’ என்றே எழுதியிருக்கிறேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வாயால் நீங்க, வாங்க, நோட்டில் அவள். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

முதல் சுவிட்ச் முடிந்தது. இருபத்து நான்கு துளை. எது எதன் வயர் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, பெயர் எழுதி ஒட்டி, மெஷின் உள்ளதற்கு ‘காக்க வேண்டாம்’ என்று சொல்லி, காலியாக உள்ளதை முடக்கி, கடைசியில் காவலைப் போட்டேன். நசீமாவின் மெஷின் அரை நொடியில் எழுந்தது. காவலும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. ஒரு பெட்டிக்கு ஆன நேரம் நாற்பது நிமிடம். ஜூன் மாதமே செய்திருக்கக்கூடிய நாற்பது நிமிடம்.

அக்டோபர் 17, வெள்ளி

ஐந்து சுவிட்ச். முதுகு விட்டுப்போகிறது.

சொக்கலிங்கம் அண்ணாச்சி லைட் போடுகிற சுவிட்ச்களின் மேல் “இது சுவிட்ச்” என்றும், ரேக்கின் மேல் “இது எமிமா சுவிட்ச்” என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார். பத்து நாளுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

பதினோராவது முடிந்தது. சோதித்துப் பார்க்க அதே நீல வயரை எடுத்து, இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் நானே செருகினேன். ஒரு துளையின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகி, அப்படியே நின்றது. மற்ற எல்லாம் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இசக்கியம்மாளைத் திரும்ப வேலைக்கு எடுத்து, இத்தனை நாள் மேல்மாடியில் போட்டிருந்தார்கள். இன்று மறுபடி தரைத்தளம். காலையில் துடைப்பமும் வாளியுமாக ரேக் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை. நான் லேபுக்குப் புது வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முனை கீழே கிடந்தது.

“வாங்க” என்றேன். விசாரணைக்குப் பிறகு அவரிடம் பேசுகிற முதல் வார்த்தை. மன்னிப்பு என்று ஒரு முழு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். வாய் வரவில்லை.

அவர் அறையை மேலும் கீழும் பார்த்தார்.

“மேடம், ஒரு வயரு தொங்குது.”

“தொங்கட்டும் இசக்கியம்மா. அத நானே எடுத்துருவேன். நீங்க தொட வேண்டாம்.”

அவர் நகரவில்லை.

“எழுதித் தாங்க” என்றார்.

மார்க்கரை எடுத்து, சொன்னதை அப்படியே எழுதினேன். கீழே என் பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். வாசலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பெயர் வரைக்கும் படித்தார். நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் உள்ளே வந்து கூட்ட ஆரம்பித்தார்.